அன்னையர் வழக்கு – 11: சத்தியம் வாங்கிய காகிதம்

1993ஆம் ஆண்டு. டப்ளின் நகரின் வடபுறத்தில் ட்ரம்காண்ட்ரா என்ற பகுதி. அங்கே ஹை பார்க் கன்னியர் மடம் தன் நிலத்தில் ஒரு துண்டைக் கட்டட நிறுவனத்துக்கு விற்றது. விற்ற நிலத்துக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. மடத்தின் சலவைக்கூடத்தில் உழைத்து, அங்கேயே செத்துப்போன பெண்கள் அதில் கிடந்தார்கள். உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடம் கொண்டுபோக அரசு அனுமதி கொடுத்தது. அனுமதிச் சீட்டில் எழுதியிருந்த எண்ணிக்கை 133. தோண்டியபோது மேலும் 22 உடல்கள் கிடைத்தன.

இருபத்திரண்டு பெண்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் இருந்தவர்களிலும் பலருக்குச் சொந்தப் பெயர் இல்லை. மடம் சூட்டிய புனிதர் பெயர் மட்டும்தான். பலருக்கு இறப்புப் பதிவும் இல்லை. நம் ஊரில் இப்படி ஓர் உடல் கிடைத்தாலே போலீஸ் வந்து கயிறு கட்டிவிடும். டப்ளினில் கூடுதல் உடல்களுக்கும் சேர்த்து அனுமதி வாங்கினார்கள், வேலை தொடர்ந்தது. 155 பேரில் ஒருவர் தவிர மற்ற அனைவரும் எரியூட்டப்பட்டு, கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்தச் செய்தி கடல் தாண்டிக் கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செல் கண்ணில் பட்டது. 1994இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பில் மகதலேனா சலவைக்கூடங்களைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. அயர்லாந்து அரசு இதைப் பற்றி வாய் திறக்க அதன் பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

சென்ற பகுதிகளில் நீதிமன்றம், சட்டம், ஆணையம் என்று போனோம். இந்த முறை வேறு வழியில் போக வேண்டும். ஏனென்றால் அயர்லாந்துத் தாய்மாரின் வழக்கு முதலில் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. மேடை ஏறியது, பாட்டாக ஒலித்தது, திரைக்குப் போனது, ஒரு குடும்பத்தலைவியின் சமையலறை மேசையில் வரைபடமாக விரிந்தது. அதன் பிறகுதான் அரசாங்கக் கோப்புக்குள் நுழைந்தது.

முதலில் இடங்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழப்பிக்கொள்வதால். மகதலேனா சலவைக்கூடம் வேறு, தாய்-சேய் இல்லம் வேறு. திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணை வீட்டார் கொண்டுவிட்ட இடம் தாய்-சேய் இல்லம். அங்கே பிள்ளை பெற்று, அதைப் பறிகொடுத்த பிறகு, சிலர் சலவைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சலவைக்கூடத்தில் இருந்த எல்லோரும் தாய்மார் அல்லர். அநாதைகள், வன்புணர்வுக்கு ஆளானவர்கள், வீட்டுக்குப் பாரமானவர்கள், நீதிமன்றம் அனுப்பியவர்கள் என்று பலர் இருந்தார்கள். 1922 முதல் 1996 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பத்துச் சலவைக்கூடங்களுக்குள் போயிருக்கிறார்கள். உள்ளே போனதும் பெயர் மாற்றப்படும். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்த அழுக்குத் துணிகளை நாள் முழுக்க வெளுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. வாசல் பூட்டியிருக்கும்.

இதை முதலில் மேடைக்குக் கொண்டுவந்தவர் கன்னியாஸ்திரி ஆகச் சேர்ந்து விலகிய ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. பட்ரீஷியா பர்க் ப்ரோகன் இளம்வயதில் இரக்கத்தின் சகோதரிகள் சபையில் நவசந்நியாசியாகச் சேர்ந்தவர். கால்வே நகரச் சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்காக அவரைச் சிறிது காலம் அனுப்பினார்கள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பூட்டிவைக்கப்பட்டிருந்த பெண்களைப் பார்த்தார். பார்த்தவரால் அந்த வாழ்வில் தொடர முடியவில்லை. சபையை விட்டு வெளியேறினார். பல ஆண்டுகள் கழித்து அதை நாடகமாக எழுதினார். ‘எக்லிப்ஸ்டு’ என்ற அந்த நாடகம் 1992இல் கால்வேயில் ஒரு சிறிய நாடகக் குழுவின் அரங்கில் அரங்கேறியது. ஹை பார்க்கில் மண்வெட்டி விழுவதற்கு ஓராண்டு முன்பே சலவைக்கூடத்தின் கதை மேடையில் இருந்தது. கேட்டவர்கள் குறைவு.

1998இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, உயிரோடிருந்த நான்கு பெண்களை நேருக்கு நேர் பேசவைத்து ஓர் ஆவணப்படம் காட்டியது. அதைப் பார்த்து பீட்டர் முல்லன் எடுத்த ‘தி மேக்டலீன் சிஸ்டர்ஸ்’ 2002இல் வெனிஸ் படவிழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. வத்திக்கான் நாளேடு அந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. அதை அடுத்து, ஹை பார்க் செய்தியால் உலுக்கப்பட்டவர்களும், தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களும் சேர்ந்து ‘மகதலேனாக்களுக்கு நீதி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். படம் பார்த்தவர்கள் அழுதார்கள். அழுதவர்களிடம் இவர்கள் ஆதாரம் காட்டினார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் வழக்கு நகர்ந்தது.

இப்போது ஒரு தாயிடம் வருவோம். ஃபிலோமினா லீ. லிமரிக் மாவட்டத்துக்காரர். பதினெட்டு வயதில் கருவுற்றார். டிப்பரரி மாவட்டம் ராஸ்க்ரேயில் உள்ள ஷான் ராஸ் அபே என்ற தாய்-சேய் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1952 ஜூலையில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தோணி என்று பெயர் வைத்தார். வெளியே போக வேண்டுமென்றால் 100 பவுண்டு கட்ட வேண்டும். இல்லாதவர்கள் உழைத்துக் கழிக்க வேண்டும். ஃபிலோமினா அந்த இல்லத்துச் சலவைக்கூடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் துணி வெளுத்தார். பிள்ளையை ஒரு நாளைக்குச் சிறிது நேரம் பார்க்கலாம். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, அம்மாவை அடையாளம் கண்டு ஓடிவந்தது. பிறந்தவுடனே எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது ஒரு கொடுமை. மூன்று வயது வரை முத்தம் கொடுத்து வளர்க்கவிட்டு, பிறகு எடுத்தார்கள்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சான்றுறுதி அலுவலர் முன்னிலையில், சத்தியம் செய்து போட்ட கையெழுத்து. பிள்ளையின் மீதான உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன், இனி ஒருநாளும் அவனைப் பார்க்கவோ தேடவோ மாட்டேன் என்பது அதன் சாரம். இந்தக் காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 1955 டிசம்பரில் அந்தோணியை ஓர் அமெரிக்கக் குடும்பம் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் இப்படி அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக் குழந்தைகள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

அந்தோணி அங்கே மைக்கேல் ஹெஸ் ஆனார். வழக்கறிஞரானார். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகர் என்ற இடத்துக்கு உயர்ந்தார். தாயைத் தேடி ராஸ்க்ரேக்கு வந்தார், கேட்டார், அவர்கள் சொல்லவில்லை. தாயும் அதே மடத்துக்குப் போய்க் கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. மகன் 1995இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். தன்னை ராஸ்க்ரே மடத்து மண்ணிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எப்போதாவது தேடி வந்தால் அந்தக் கல்லைப் பார்ப்பார் என்ற எண்ணம்தான். வந்தார். பார்த்தார்.

தனக்கு இப்படி ஒரு மகன் உண்டு என்பதை ஃபிலோமினா தன் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். பத்திரிகையாளர் மார்ட்டின் சிக்ஸ்ஸ்மித் 2009இல் அதைப் புத்தகமாக்கினார். 2013இல் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் படமாக்கினார். ஜூடி டெஞ்ச் ஃபிலோமினாவாக நடித்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட படம். ஆனால் அதன் உச்சக்காட்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு முதிய கன்னியாஸ்திரியை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சி அது. அப்படி நடக்க வழியே இல்லை. ஹில்டகார்டு என்ற அந்த அருட்சகோதரி, சிக்ஸ்ஸ்மித் இந்தக் கதையைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1995இல் இறந்துவிட்டார். படத்தைக் குறை சொல்ல நினைப்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நடந்த உண்மையே இவ்வளவு பாரமாக இருக்கும்போது, நடக்காத ஒரு காட்சியை அதன் தலையில் ஏற்றியிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். பாதிக்கப்பட்டவரின் கதையில் ஒரு செங்கல் பொய்யாக இருந்தால் எதிராளிக்கு அதுவே போதும்.

அந்தத் தவறைச் செய்யாதவர் கேத்தரின் கார்லெஸ்.

கால்வே மாவட்டத்தில் டூவம் என்ற சிற்றூர். 1925 முதல் 1961 வரை அங்கே போன் செக்கூர் சபையார் ஒரு தாய்-சேய் இல்லம் நடத்தினார்கள். பஞ்ச காலத்து ஏழைகள் விடுதி ஒன்றின் பழைய கட்டடம், உயரமான மதில். அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். மற்றப் பிள்ளைகளோடு கலந்துவிடக் கூடாது என்று தாமதமாக வந்து சீக்கிரமாகப் போவார்கள். கனத்த பூட்சுகளின் சத்தம் தெருவில் கேட்கும். கார்லெஸ் சிறுமியாக இருந்தபோது, வகுப்பில் இருந்த ஓர் இல்லத்துப் பிள்ளைக்கு வெறும் மிட்டாய்த் தாளை உருட்டிச் சுருட்டி, உள்ளே மிட்டாய் இருப்பது போலக் கொடுத்திருக்கிறார். வேறொரு சிறுமி அப்படிச் செய்வதைப் பார்த்துத் தானும் செய்தது. அந்தப் பிள்ளை ஆவலோடு பிரித்துப் பார்த்தது. பெரியவரான பிறகு அதை எண்ணி எண்ணி வருந்தியதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் பல்கலைக்கழக ஆய்வாளர் அல்லர். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, உள்ளூர் வரலாறு பற்றிய மாலை வகுப்பில் சேர்ந்தவர். டூவம் இல்லத்தைப் பற்றி ஊர் வரலாற்று இதழுக்கு ஒரு கட்டுரை எழுத நினைத்தார். அங்கே இறந்த குழந்தைகளின் விவரம் வேண்டும் என்று கால்வே பதிவாளர் அலுவலகத்தில் கேட்டார். இருபது முப்பது இருக்கும் என்று நினைத்திருந்தார். சில நாள் கழித்து அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது: எல்லாம் வேண்டுமா, உண்மையிலேயே எல்லாமா என்று. 796 பெயர்கள். கைக்காசைப் போட்டு இறப்புச் சான்றிதழ்களை வாங்கினார். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, நோய். சில வாரங்கள், சில மாதங்கள், ஒன்றரை வயது.

796 பிள்ளைகள் செத்திருக்கிறார்கள் என்றால் 796 குழிகள் எங்கே? சுற்றுவட்டாரக் கல்லறைகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிருவர் தவிர யாரும் இல்லை. பிறகு வரைபடங்களுக்கு வந்தார். பழைய வரைபடம் ஒன்றில், இல்லத்தின் பின்புறம் கழிவுநீர்த் தொட்டி என்று ஓர் இடம் குறித்திருந்தது. அதன் மேல் புதிய வரைபடத்தை வைத்துப் பார்த்தார். 1975இல் இரண்டு சிறுவர்கள் விளையாடும்போது ஒரு பலகைக்கல்லைத் தூக்கி, உள்ளே சிறு எலும்புகளைப் பார்த்த இடமும் அதுதான். பஞ்சத்தில் செத்தவர்களாக இருக்கும் என்று ஊர் அன்றைக்குச் செபம் சொல்லி மூடிவிட்டது.

கார்லெஸின் கட்டுரை 2012இல் வந்தது. 2014இல் ஒரு ஞாயிறு செய்தித்தாள் அதை முதல் பக்கத்தில் போட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 2017 மார்ச்சில் ஆணையம் அறிவித்தது: நிலத்தடியில் இருபது அறைகளாகப் பிரிக்கப்பட்ட ஓர் அமைப்பு, அவற்றில் குறைந்தது பதினேழில் மனித எச்சங்கள், 35 வாரக் கரு முதல் இரண்டு மூன்று வயது வரையிலான குழந்தைகள், காலம், இல்லம் நடந்த காலமே. வரைபடத்தோடு வரைபடத்தை வைத்துப் பார்த்தவர் சொன்னது சரி.

இதற்கிடையில், 2011இல், டப்ளினின் ஷான் மெக்டெர்மட் வீதியில் இன்னொன்று நடந்தது. நாட்டின் கடைசிச் சலவைக்கூடம் அங்கேதான் இருந்தது. 1996 அக்டோபரில் மூடப்பட்டது. பூட்டிக் கிடந்த அதே கட்டடத்துக்குள் ‘அனு’ என்ற நாடகக் குழு, லூயிஸ் லோவின் இயக்கத்தில், ‘லாண்ட்ரி’ என்ற நிகழ்வை நடத்தியது. நாற்காலி கிடையாது, திரை கிடையாது. ஒரு நேரத்தில் மூன்று பார்வையாளர்கள்தான் உள்ளே போக முடியும். கதவு சாத்தப்படும். உள்ளே மூவரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு பெண் உங்களை மட்டும் பார்த்துப் பேசுவாள். அங்கே வாழ்ந்த பெண்களின் பெயர்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்பாள்.

இதைப் படித்தறிந்தபோது என்னை நிறுத்திய இடம் அதுதான். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தப்பிக்க இருட்டு இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரும் பார்க்கிறார், நம்மிடம் மட்டும் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம். இங்கே அது முடியாது. பூட்டிய கட்டடத்துக்குள் ஒருத்தி உங்கள் கண்ணைப் பார்த்து ஒரு பெயரைக் கொடுக்கிறாள். நீங்கள் மறந்தால் அந்தப் பெயர் போய்விடும். அயர்லாந்துச் சமூகம் எழுபது ஆண்டுகள் அந்த மதிலுக்கு வெளியே நடந்துபோனது. துணியை உள்ளே அனுப்பியது, வெளுத்து வாங்கிக்கொண்டது. தெரியாது என்று பிறகு சொன்னது. அந்தப் பதிலைச் சொல்ல முடியாதபடி செய்தது இந்தக் கலை.

அரசும் ஒருவழியாக இறங்கிவந்தது. சலவைக்கூடங்களில் அரசின் பங்கு என்ன என்று ஆராய்ந்த மெக்கலீஸ் குழு 2013 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. உள்ளே போனவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அரசின் கை வழியாகவே போனார்கள் என்று ஒப்புக்கொண்டது. சில நாட்களில் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ‘மகதலேனாக்களுக்கு நீதி’ அமைப்பு கொடுத்த நூற்றுக்கணக்கான பக்க வாக்குமூலங்கள் அந்த அறிக்கைக்குள் இடம்பெறவில்லை.

அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. தாய்-சேய் இல்லங்களை விசாரித்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. பதினெட்டு நிறுவனங்கள், ஏறக்குறைய 56,000 தாய்மார், 57,000 குழந்தைகள். இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 9,000. பிரதமர் மீஹால் மார்ட்டின் மன்னிப்புக் கேட்டார். போன் செக்கூர் சபையும் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அறிக்கையைப் படித்த தாய்மார் திகைத்தார்கள். கட்டாயத் தத்துக்கொடுப்பு என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று அதில் எழுதியிருந்தது. அப்படியானால் நாங்கள் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள்.

ஆணையத்தின் இரகசியக் குழுவிடம் 550 பேர் தங்கள் வாழ்வைச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒலிப்பதிவுகள் அழிக்கப்பட்டிருந்தன. தகவல் பாதுகாப்பு ஆணையம் கேள்வி எழுப்பி, பொதுமக்கள் கொந்தளித்த பிறகு, காப்புப் பிரதியிலிருந்து அவை மீட்கப்பட்டன. அந்த வாக்குமூலங்களுக்கு மற்றச் சாட்சியத்துக்குச் சமமான எடை ஏன் தரப்படவில்லை என்பதற்கு ஆணைய உறுப்பினர் ஒருவர் பிறகு ஒரு கருத்தரங்கில் விளக்கம் சொன்னார்: அவை சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொல்லப்பட்டவை அல்ல.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன காகிதத்தை இப்போது எடுங்கள். பிள்ளையைப் பறிப்பதற்கு அந்தத் தாயிடம் சத்தியம் வாங்கத் தெரிந்தது. பறிகொடுத்த கதையை அவர் சொல்ல வந்தபோது, சத்தியம் செய்ய இடமில்லாத ஓர் அறைக்கு அனுப்பி, பிறகு சத்தியம் இல்லை என்று தள்ளிவைத்தார்கள். இப்படி ஒரு நடைமுறையை வகுத்ததே அரசுதான்; தாய்மார் அல்லர். ஃபிலோமினா லீ இதையும் விடவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர், மேரி ஹார்னி என்ற இன்னொருவரோடு சேர்ந்து உயர்நீதிமன்றம் போனார். அறிக்கையில் அடையாளம் காணக்கூடியவர்களாக இருந்தவர்களுக்கு அதன் வரைவை முன்கூட்டியே காட்டாதது சட்ட மீறல் என்பதை 2021 டிசம்பரில் அரசு ஏற்றுக்கொண்டது.

கலைஞர்களும் வரலாற்றாளர்களும் ஆணையம் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்கிறார்கள். டூவம் இல்லத்தில் இருந்தவர்களின் குரல்களைக் கால்வே பல்கலைக்கழகம் பதிவுசெய்து காக்கிறது. கண்ணாடிக் கலைஞர் அலிசன் லோரி, கண்ணாடித் தூளில் வார்த்த குழந்தைகளின் திருமுழுக்கு உடைகளைத் தேசிய அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டார். உள்ளே உடல் இல்லாத வெள்ளை உடுப்புகள். சலவைக்கூடங்களில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லறைக் கற்களிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து எழுதும் வேலையைக் கிளேர் மெக்கெட்ரிக் ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறார். ஷான் மெக்டெர்மட் வீதிக் கட்டடத்தை ஓட்டல் நிறுவனத்துக்கு விற்க மாநகராட்சி நிர்வாகம் முனைந்தபோது, 2018இல் உறுப்பினர்கள் வாக்களித்துத் தடுத்தார்கள். இப்போது அங்கே தேசிய நினைவு மையம் கட்ட அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

டூவத்தில் 2025 ஜூலை 14 அன்று முழு அகழ்வு தொடங்கியது. எலும்புகளைப் பிரித்து, மரபணு ஒப்பிட்டு, குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது திட்டம். இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் பலர் எழுபது எண்பது வயதுக்காரர்கள். ஒப்பிட வேண்டிய இரத்தம் அவர்களிடம்தான் இருக்கிறது.

சலவைக்கூடங்களை நடத்திய நான்கு சபைகளும் அந்தப் பெண்களுக்கான இழப்பீட்டு நிதிக்குப் பணம் தர மறுத்தன. மெக்கலீஸ் குழு பார்வையிட்ட பதிவேடுகள் அந்தச் சபைகளிடமே திரும்பிப் போயின. அவை இன்னும் தனியார் ஆவணங்கள்தான். நாடகம் வந்துவிட்டது, படம் வந்துவிட்டது, மன்னிப்பும் வந்துவிட்டது. அந்தப் பதிவேடுகள் பொதுமக்கள் கைக்கு வராமல் இந்த வழக்கு முடிந்ததாகாது.

(தொடரும்)